இரண்டு போப்புகள், ஒரு ராஜா, பாரிஸ் பேராசிரியர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1378 முதல் 1417 வரை கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரே நேரத்தில் இரண்டு போப்புகள், 1409 முதல் 1415 வரை மூன்று போப்புகள் இருந்தார்கள். மேற்குப் பெரும் பிளவு என்று இதற்குப் பெயர். அந்தக் காலத்தில் பிரான்ஸ் ராஜாவுக்கு பாரிஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் விடாமல் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சில சமயம் ராஜா கேட்டார், சில சமயம் வாயை மூடு என்றார், ஒருமுறை ஆளைப் பிடித்து உள்ளேயும் போட்டார்கள். இதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஒரு போப் இருக்கும்போது இன்னொருவர் எப்படி வந்தார்?

சுமார் எழுபது வருஷம் போப்புகள் ரோமில் இல்லை, தெற்குப் பிரான்ஸில் அவிஞ்ஞோன் நகரில் இருந்தார்கள். பதினோராம் கிரகோரி 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பினார், 1378 மார்ச் கடைசியில் இறந்துபோனார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க 16 கர்தினால்கள் (போப்புக்கு அடுத்த நிலைக் குருமார்கள்) ரோமில் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். வெளியே கூட்டம், "ரோமாபுரிக்காரர் வேண்டும், இல்லாவிட்டால் இத்தாலியராவது வேண்டும்" என்று கத்திக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்தால் போப் பதவி மறுபடி அவிஞ்ஞோனுக்குப் போய்விடும் என்ற பயம் மக்களுக்கு.

ஏப்ரல் 8ஆம் தேதி பாரி நகரப் பேராயர் பார்த்தொலோமியோ பிரிஞ்ஞானோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கர்தினால்கூட இல்லை. அவர் சம்மதம் சொல்லி அறிவிப்பு வருவதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. பயந்துபோன கர்தினால்கள், தங்களில் ஒருவரான வயதான ரோமாபுரிக்காரர் தெபால்தெஸ்கிக்குப் போப் உடையைப் போர்த்தி, "இவர்தான்" என்று காட்டினார்கள். கிழவர் "நான் இல்லை, நான் இல்லை" என்று கத்தியும் யார் காதிலும் விழவில்லை. அந்தச் சந்தடியில் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள்.

மறுநாள் அமைதி திரும்பியதும் அதே கர்தினால்கள் பிரிஞ்ஞானோவை ஆறாம் உர்பான் என்று அரியணையில் அமர்த்தினார்கள். சில மாதம் அவரைப் போப்பாகவே நடத்தவும் செய்தார்கள். பிற்காலத்து வழக்கே இந்தச் சில மாதங்களைப் பற்றியதுதான்.

அப்புறம் ஏன் மனம் மாறினார்கள்?

உர்பானின் குணம். அதிகாரியாக இருந்தபோது அடக்கமானவர் என்று பெயர் எடுத்தவர், போப் ஆனதும் கர்தினால்களை முகத்துக்கு நேரே திட்டத் தொடங்கினார். அவர்களுடைய ஆடம்பரம் பற்றி அவர் சொன்னதில் உண்மை நிறையவே இருந்தது. சொன்ன விதம்தான் தாங்க முடியாததாக இருந்தது. 1385இல் தன் சொந்தக் கர்தினால்கள் ஆறு பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார். ஐந்து பேர் உயிரோடு திரும்பவில்லை.

கோடையில் பிரெஞ்சுக் கர்தினால்கள் ஒவ்வொருவராக அனாஞ்ஞிக்குப் போய், "பயத்தில் போட்ட ஓட்டு செல்லாது" என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். செப்டம்பர் 20ஆம் தேதி ஃபோந்தியில் ஜெனீவாவின் ராபர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழாம் கிளெமென்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட இவர், 1377இல் சேசெனா நகரப் படுகொலைக்குக் காரணமான கூலிப்படையின் பின்னால் இருந்தவர். அடுத்த வருஷம் அவர் அவிஞ்ஞோனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆக, இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது ஏறக்குறைய அதே ஆட்கள். அதனால்தான் இந்தப் பிளவு முந்தைய போட்டிப் போப்புகளைப் போலச் சுலபமாகத் தீரவில்லை. சாட்சிகளும் நீதிபதிகளும் ஒரே ஆட்கள் என்றால் வழக்கை எங்கே கொண்டுபோவது?

எந்த நாடு எந்தப் பக்கம்?

பிரான்ஸ், ஸ்காட்லாந்து, பின்னர் காஸ்தீல், அரகோன் ஆகியவை கிளெமென்ட் பக்கம். இங்கிலாந்து, ஜெர்மானியப் பேரரசின் பெரும்பகுதி, ஹங்கேரி, போலந்து, வட இத்தாலியின் பெரும்பகுதி உர்பான் பக்கம். பிரான்ஸ் ஒரு பக்கம் போனால் இங்கிலாந்து எதிர்ப்பக்கம், இங்கிலாந்து எதிர்ப்பக்கம் என்றால் ஸ்காட்லாந்து பிரான்ஸ் பக்கம். பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரின் வரைபடத்தை அப்படியே எடுத்துப் போப் மேல் போட்ட மாதிரி. காஸ்தீல் ராஜா மட்டும் சாட்சிகளை வரவழைத்து மெதினா தெல் காம்போவில் மாதக்கணக்கில் விசாரணை நடத்திவிட்டு, 1381இல் முடிவெடுத்தார். அந்த வாக்குமூலங்கள் இன்றைக்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

மகான்களும் பிரிந்துதான் நின்றார்கள். சியன்னாவின் கத்தரீன் உர்பானுக்காக உயிரைக் கொடுத்து வாதாடினார். வின்சென்ட் ஃபெரர் அவிஞ்ஞோன் பக்கம். பிற்காலத்தில் இரண்டு பேருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது.

ராஜாவுக்கு யோசனை சொல்லப் பேராசிரியர்கள் யார்?

அன்றைக்கு இறையியலில் பாரிஸ் சொன்னால் ஐரோப்பாவில் அதற்கு மேல் பேச்சில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல், திருச்சபைச் சட்டம், மருத்துவம், கலை என நான்கு துறைகள். கலைத்துறை மட்டும் பிரெஞ்சு, பிக்கார்டி, நார்மன், ஆங்கிலம் என நான்கு "தேச"ங்களாகப் பிரிந்திருந்தது. ஆங்கில தேசம் என்பது பெயரளவில்தான், அதில் ஜெர்மானியர்களே அதிகம். ரெக்டர் என்ற தலைவரைக் கலைத்துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும். எந்த விஷயம் என்றாலும் துறைவாரியாக, தேசவாரியாகக் கூடிப் பேசி ஓட்டுப் போடுவார்கள். இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் பிளவைத் தீர்த்த கான்ஸ்டன்ஸ் சங்கத்தில் இது மறுபடி வரும்.

ராஜாவுக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள். போப் யார் என்பது வெறும் அரசியல் கேள்வி இல்லை. தவறான போப்பின் கையால் நியமிக்கப்பட்ட பிஷப் கொடுக்கும் பாவமன்னிப்பு செல்லுமா, செல்லாதா? தன் குடிமக்களின் ஆன்மா நரகத்துக்குப் போனால் யார் பொறுப்பு? இந்த மாதிரிக் கேள்விக்கு ராஜாவின் படைத்தளபதி பதில் சொல்ல முடியாது.

ஐந்தாம் சார்லஸ் பல்கலைக்கழகத்தைக் கேட்டுத்தான் முடிவெடுத்தாரா?

கேட்டார். கேட்பதற்கு முன்பே பாதி முடிவெடுத்துவிட்டார் என்பதுதான் என் கருத்து. லூவ்ரில் பெரிய நூலகம் வைத்திருந்தவர், "ஞானி" என்று பெயர் எடுத்தவர். 1378 செப்டம்பரில் அவர் கூட்டிய குருமார்கள் அவசரப்பட வேண்டாம் என்றார்கள். நவம்பரிலேயே வின்சேன் கோட்டையில் வேறொரு சின்னக் கூட்டத்தைக் கூட்டி கிளெமென்ட்தான் போப் என்று அறிவித்துவிட்டார். கிளெமென்ட் அவருக்கு உறவுக்காரர். போப் அவிஞ்ஞோனில் இருப்பது பிரான்ஸுக்கு வசதி என்பதையும் சொல்லவே வேண்டாம்.

பல்கலைக்கழகம் இழுத்தடித்தது. 1379 மே மாதத்தில், அரசின் நெருக்கடிக்குப் பிறகு, பெரும்பான்மை கிளெமென்டை ஏற்றது. பிக்கார்டி தேசமும் ஆங்கில தேசமும் நடுநிலையாகவே நிற்க விரும்பின. ஆனால் சார்லஸ் சாகும் நாளில், 1380 செப்டம்பர் 16ஆம் தேதி, தான் கர்தினால்களின் வாக்கை நம்பித்தான் இப்படிச் செய்ததாகவும், திருச்சபைப் பொதுச்சங்கம் வேறு தீர்ப்புச் சொன்னால் அதற்குக் கட்டுப்படுவதாகவும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

பொதுச்சங்கம் கூட்டலாம் என்ற யோசனை யாருடையது?

பாரிஸில் இருந்த இரண்டு ஜெர்மானியர்களுடையது: லாங்கென்ஸ்டைனின் ஹென்றி, கெல்ன்ஹவுசனின் கான்ராட். 1379 முதல் 1381 வரை இரண்டு பேரும் தனித்தனியே எழுதினார்கள். கான்ராட் தன் வாதத்தை ராஜாவுக்கே எழுதிக் கொடுத்தார்.

யோசனை கேட்க எளிது: எல்லா பிஷப்புகளையும் கூட்டி யார் போப் என்று தீர்மானிக்கலாம். சட்டத்தில்தான் முட்டுக்கட்டை. பொதுச்சங்கத்தைக் கூட்டும் அதிகாரம் போப்புக்கு மட்டுமே உண்டு. எந்தப் போப்? அதைத் தீர்மானிக்கத்தானே சங்கம்? போப் மேல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது இன்னொரு விதி. விதி வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

இதை உடைக்க அவர்கள் அரிஸ்டாட்டிலிடம் போனார்கள். சட்டம் பொதுவாக நடப்பதை மனதில் வைத்து எழுதப்படுகிறது. அதை எழுதியவர் நினைத்தே பார்க்காத நிலை வந்தால், வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் அவருடைய நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் சொன்னது. இதற்குத் தாமஸ் அக்குவினாஸ் தரும் உதாரணத்தை இறையியல் மாணவர் எல்லோரும் படித்திருப்பார்கள். முற்றுகையிடப்பட்ட நகரத்தில் வாசற்கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டம். நகரத்தைக் காக்கும் வீரர்களையே எதிரி துரத்திக்கொண்டு வருகிறான், அவர்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். கதவைத் திறப்பதா, வேண்டாமா? திறக்க வேண்டும். நகரத்தைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டமே.

அதே கணக்குத்தான் இங்கேயும். போப் இல்லாமல் சங்கம் கூடக் கூடாது என்ற விதி திருச்சபையின் ஒற்றுமைக்காக வந்தது. அந்த விதியே ஒற்றுமையைக் கெடுக்கும்போது, சங்கத்தைக் கூட்டுவதுதான் விதியைக் காப்பது. முப்பத்தைந்து வருஷம் கழித்து ஐரோப்பா ஏறக்குறைய இந்த வழியில்தான் பிளவைத் தீர்த்தது. பேராசிரியர்கள் மூன்றே வருஷத்தில் சொன்ன விடை அது.

அவர்களுக்கு நல்ல மரியாதை கிடைத்திருக்குமே?

எங்கே! ஐந்தாம் சார்லஸின் மகன் ஆறாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது பதினோரு வயது. ஆட்சி சித்தப்பாக்கள் கையில். அவர்களில் மூத்தவரான அஞ்சூ கோமகனுக்கு நேப்பிள்ஸ் மேல் கண், அதற்கு கிளெமென்டின் ஆசி வேண்டும். 1381இல் பல்கலைக்கழகத்தின் சார்பாகப் பொதுச்சங்கம் கேட்டுப் பேசிய இறையியல் ஆசிரியரை இரவோடு இரவாகக் கைதுசெய்து சிறையில் போட்டார்கள்.

ஜெர்மானியர்கள் மூட்டை கட்டினார்கள். லாங்கென்ஸ்டைன் 1384இல் வியன்னா போய் அங்கே இறையியல் துறையை எழுப்பினார். 1386இல் தொடங்கிய ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தின் முதல் சான்சலர் கான்ராட். அதன் முதல் ரெக்டர், பாரிஸின் முன்னாள் ரெக்டரான இங்கெனின் மார்சிலியுஸ். 1388இல் கொலோனிலும் பல்கலைக்கழகம் வந்தது. பாரிஸ் துரத்தியவர்களால் ஜெர்மனிக்குப் பல்கலைக்கழகங்கள் கிடைத்தன.

ராஜாவுக்குப் பைத்தியம் என்கிறார்களே?

ஆமாம், 1392 ஆகஸ்டில் லே மான் அருகே குதிரையில் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று வாளை உருவித் தன் ஆட்களையே வெட்டினார், சிலர் செத்தார்கள். அதற்குப் பிறகு 1422இல் இறக்கும் வரை நோய் வரும், போகும். சில நாள் தெளிவாக இருப்பார், சில மாதம் தான் ராஜா என்பதே நினைவிருக்காது. யோசனை சொல்ல வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ராஜா இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பதுதான். அடுத்தது, எந்தக் கோமகன் பக்கத்தில் இருக்கிறார். பெர்ரி கோமகன் இருந்தால் ஒரு பதில், பர்கண்டி கோமகன் இருந்தால் வேறு பதில், தம்பி ஓர்லியான் கோமகன் இருந்தால் இன்னொன்று.

1394இல் வைத்த பெட்டி என்ன பெட்டி?

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1394 ஜனவரியில், ராஜா கொஞ்சம் தெளிந்திருந்த நேரத்தில், பிளவைத் தீர்க்க வழி சொல்லலாம் என்று பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்தது. சில வருஷம் முன்புதான் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்றிருந்தார்கள். பல்கலைக்கழகக் கூட்டங்கள் நடக்கும் சான் மாத்துரென் மடத்தின் முற்றத்தில் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் யோசனையை எழுதி அதில் போடலாம்.

பத்தாயிரத்துக்கு மேல் சீட்டுகள் விழுந்ததாக சாந்தெனி மடத்து வரலாற்றெழுத்தர் எழுதுகிறார். துறவிகள் சொல்லும் எண்ணிக்கையில் கொஞ்சம் உப்பு, புளி சேர்ந்திருக்கும். ஆனால் நிறைய விழுந்தது என்பதில் சந்தேகம் இல்லை. 54 ஆசிரியர்கள் உட்கார்ந்து அவற்றைப் படித்துப் பிரித்தார்கள். கடைசியில் மூன்று வழிகள் தேறின.

ஒன்று, இரண்டு போப்புகளும் தாமாகவே பதவி விலகுவது. இரண்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும் நடுவர்களிடம் வழக்கை விடுவது. மூன்று, பொதுச்சங்கம். முதல் வழிதான் சிறந்தது என்று பல்கலைக்கழகம் சொன்னது. யார் உண்மையான போப் என்ற கேள்விக்கே அதில் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் தோல்வி இல்லை, எந்த ராஜாவும் இத்தனை நாள் தப்புப் பண்ணினோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தை ராஜா படித்தாரா?

நிக்கோலா கிளமாஞ்ச் என்ற இலத்தீன் வித்தகர் எழுதினார், பல்கலைக்கழகத்தின் சான்சலர் பியேர் டாயி போன்றவர்கள் பொருள் கொடுத்தார்கள். ஜூன் 30ஆம் தேதி ராஜாவின் முன் சமர்ப்பித்தார்கள். நடை கிளமாஞ்சுக்கே உரியது, ஆனால் சொல்லும் விஷயம் நறுக்கென்றது. "இரண்டு போப் இருந்தால் என்ன, பத்துப் போப் இருந்தால் என்ன, நாட்டுக்கு ஒருவரை வைத்துக்கொண்டால் போயிற்று என்று ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்" என்ற பொருளில் ஓர் இடம் வரும். பதவியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பிளவுக்காரர்கள், மந்தையை மேய்க்க வேண்டியவர்களே மந்தையைத் தின்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

ராஜா முதலில் மகிழ்ந்து, அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொன்னார். சில வாரத்தில் அவிஞ்ஞோன் ஆட்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள். ராஜா இனி இதைப் பற்றிக் கேட்க விரும்பவில்லை என்று அரசின் சான்சலர் சொல்லி அனுப்பினார். பல்கலைக்கழகம் பாடங்களை நிறுத்தியது. அதுதான் அதன் கையில் இருந்த ஒரே ஆயுதம்.

செப்டம்பர் 16ஆம் தேதி கிளெமென்ட் இறந்துபோனார். புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று பாரிஸிலிருந்து அவசரக் கடிதம் பறந்தது. கடிதம் வந்து சேர்ந்தபோது அவிஞ்ஞோன் கர்தினால்கள் தேர்தல் அறைக்குள் போய்விட்டிருந்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் தேர்தல் முடியும் வரை உறையைப் பிரிக்கவே இல்லை. செப்டம்பர் 28ஆம் தேதி பெத்ரோ தெ லூனா பதின்மூன்றாம் பெனடிக்ட் ஆனார்.

அவர் பதவி விலகுவதாகச் சத்தியம் செய்திருந்தாராமே?

எல்லாக் கர்தினால்களும் செய்தார்கள்: திருச்சபையின் ஒற்றுமைக்குத் தேவைப்பட்டால், பெரும்பான்மைக் கர்தினால்கள் அதுவே வழி என்று கருதினால், விலகுவேன் என்று. பெனடிக்ட் திருச்சபைச் சட்டத்தில் பெரிய வித்தகர். ஒழுக்கத்தில் கறை இல்லாதவர். அதனாலேயே அவரை அசைக்க முடியவில்லை. தான் சட்டப்படி உண்மையான போப் என்று மனசார நம்பினார். உண்மையான போப் விலகினால் அது கடமை தவறுவது அல்லவா?

1395 பிப்ரவரியில் பாரிஸில் கூடிய குருமார் மன்றத்தில் 109 பேரில் 87 பேர் பதவி விலகும் வழிக்கு ஓட்டுப் போட்டார்கள். பெர்ரி, பர்கண்டி, ஓர்லியான் ஆகிய மூன்று கோமகன்களும் நேரில் அவிஞ்ஞோன் போனார்கள். பெனடிக்ட் உபசரித்தார், பேசினார், எதிராளியைச் சந்தித்துப் பேசலாமே என்றார், எழுதித் தரச் சொன்னால் தட்டிக் கழித்தார். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"கீழ்ப்படிதலை விலக்குவது" என்றால் என்ன?

போப்பைத் தள்ள நமக்கு அதிகாரம் இல்லை, சரி. அவர் சொல்வதைக் கேட்காமல் இருக்கலாமே? பிளவை வேண்டுமென்றே நீட்டிப்பவருக்குக் கீழ்ப்படிவது பாவம், எனவே கீழ்ப்படியாமல் இருப்பது கடமை. இதுதான் வாதம். நடைமுறையில் இதன் அர்த்தம் பணம். பிரான்ஸிலிருந்து அவிஞ்ஞோனுக்கு ஒரு காசு போகாது, அங்கிருந்து ஒரு நியமனம் வராது. இந்த வாதத்தைப் பெரிய அளவில் வளர்த்து நடத்தியவர் சிமோன் கிரமோ, அலெக்சாந்திரியாவின் முதுபெரும் ஆயர் என்ற பட்டம் உடையவர், அரசின் ஆள்.

1398 மே மாதம் பாரிஸில் மூன்றாவது மன்றம் கூடியது. இங்கே ஓட்டு எப்படி நடந்தது என்று கவனியுங்கள். ரகசிய ஓட்டு இல்லை. ஒவ்வொருவரும் ராஜவம்சத்துக் கோமகன்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வந்து, தன் கருத்தை வாயால் சொல்லி, தன் கையால் எழுதிய சீட்டையும் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுகள் இன்னும் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒற்றை வரியில் "உடனே விலக்குக" என்பவை உண்டு. "விலக்கலாம், ஆனால் முதலில் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்" என்று மதில் மேல் பூனையாக எழுதியவையும் உண்டு. சுமார் 300 பேரில் 247 பேர் உடனடி விலக்கத்துக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். நிபந்தனை போட்டவர்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் நீண்ட காலக் குற்றச்சாட்டு. ஜூலை 27ஆம் தேதி ராஜாவின் ஆணை வந்தது.

பெரும்பாலான கர்தினால்கள் பெனடிக்டைக் கைவிட்டார்கள். அவிஞ்ஞோன் அரண்மனையை முற்றுகையிட்டார்கள். அவர் உள்ளேயே நாலரை வருஷம் அடைபட்டுக் கிடந்தார், விலகவில்லை. 1403 மார்ச்சில் ஓர் இரவு மாறுவேடத்தில் தப்பினார். வெளியே வந்த இரண்டே மாதத்தில் பிரான்ஸ் மறுபடி அவருக்குக் கீழ்ப்படிந்தது!

ஏன் திரும்பவும் கீழ்ப்படிந்தார்கள்?

ஓர்லியான் கோமகனின் வற்புறுத்தல் ஒரு காரணம். இன்னொன்றைப் பேராசிரியர்கள் வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பார்கள்: அவர்களுடைய சோறு.

அன்றைக்குப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு மாதச் சம்பளம் இல்லை. எங்கோ ஒரு மறைமாவட்டத்தில், வருமானம் தரும் திருச்சபைப் பதவி ஒன்று அவர் பெயரில் இருக்கும், அதில்தான் பாரிஸில் காலம் தள்ளுவார். அந்தப் பதவிகளைப் பெருமளவில் கொடுத்து வந்தவர் போப். பல்கலைக்கழகம் தன் ஆட்களின் பெயர்ப் பட்டியலை நீளமான சுருளில் எழுதிப் போப்புக்கு அனுப்பும், போப் பட்டியலைப் பார்த்துப் பதவி கொடுப்பார். கீழ்ப்படிதலை விலக்கியதும் அந்த அதிகாரம் உள்ளூர் பிஷப்புகளுக்குப் போனது. பிஷப்புகள் தங்கள் மருமகனுக்கும் சமையல்காரர் மகனுக்கும் கொடுத்தார்களே தவிர, பாரிஸில் அரிஸ்டாட்டில் நடத்தும் ஏழை ஆசிரியரை யார் நினைத்தார்கள்? போப்பிடமிருந்து "விடுதலை" வாங்கித் தந்த அரசும் குருமாரிடம் வரி கறப்பதில் போப்புக்குச் சளைக்கவில்லை. தாங்களே சொன்ன யோசனையில் கையைச் சுட்டுக்கொண்ட பல்கலைக்கழகம் மறுபடி பாடங்களை நிறுத்திப் போராடியது, இந்த முறை பிஷப்புகளுக்கு எதிராக.

எல்லாப் பேராசிரியர்களும் ஒரே கட்சியா?

இல்லவே இல்லை. பியேர் டாயி பல்கலைக்கழகத்தின் சான்சலராக இருந்தவர். பெனடிக்ட் அவரை 1395இல் லெ புய் நகரத்துக்கும், 1397இல் காம்ப்ரேக்கும் பிஷப் ஆக்கினார், அதற்குப் பிறகு பெனடிக்டுக்கு எதிரான அவர் குரல் வெகுவாகத் தணிந்துபோனது. அவருடைய மாணவர் ழான் ஜெர்சான் அடுத்த சான்சலர். பிளவு தீர வேண்டும், ஆனால் பெனடிக்டை மதவிரோதி என்பது அதிகம் என்று நடுவழி பேசியவர். கிளமாஞ்ச், அதாவது 1394 கடிதத்தை எழுதிய அதே மனிதர், 1397இல் பெனடிக்டின் செயலாளராகப் போய்விட்டார். துலூஸ் பல்கலைக்கழகம் பெனடிக்ட் பக்கம் உறுதியாக நின்று பாரிஸைத் திட்டி எழுதியது. எதிர்முகாமில் ஆக்ஸ்ஃபோர்டு, தங்கள் போப்தான் உண்மையானவர், வேண்டுமானால் பொதுச்சங்கம் கூட்டலாம், விலகல் என்ற பேச்சே வேண்டாம் என்றது.

இவர்களைப் பச்சோந்திகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. டாயி வேறு எதையும் செய்யாமல் பதவி மட்டும் பார்த்தவராக இருந்தால் கான்ஸ்டன்ஸில் அவர் செய்ததைச் செய்திருக்க மாட்டார்.

1408இல் போப்பின் ஆணையைக் கிழித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ரோமில் உர்பானின் வரிசையில் பன்னிரண்டாம் கிரகோரி வந்த பிறகு, இரண்டு போப்புகளும் சவோனாவில் சந்திப்பதாக ஏற்பாடு. ஒருவர் கரையை விட்டு உள்ளே வரமாட்டார், இன்னொருவர் கரைக்கே வரமாட்டார். கடைசி வரை சந்திக்கவில்லை. 1407 நவம்பரில் ஓர்லியான் கோமகனைப் பாரிஸ் தெருவில் பர்கண்டி ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். பெனடிக்டுக்கு அரசவையில் இருந்த துணை போயிற்று. குறித்த நாளுக்குள் ஒன்று சேராவிட்டால் பிரான்ஸ் நடுநிலை வகிக்கும் என்று அரசு கெடு விதித்தது. பதிலுக்கு, கீழ்ப்படிதலை விலக்குபவர் யாராக இருந்தாலும், ராஜாவே ஆனாலும், சபைநீக்கம் என்ற ஆணை 1408 மே மாதத்தில் வந்து சேர்ந்தது.

மே 21ஆம் தேதி அரசவையினர் முன்னிலையில் ழான் கூர்த்தகூய்ஸ் என்ற இறையியல் பேராசிரியர் அந்த ஆணைக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். பிறகு தோல்சுருளைக் கத்தியால் குத்தித் துண்டு துண்டாகக் கிழித்தார்கள். அதைக் கொண்டுவந்த தூதர்களைப் பின்னர் காகிதக் கிரீடம் வைத்து, பெனடிக்டின் சின்னத்தைத் தலைகீழாக வரைந்த உடை போட்டு, குப்பை வண்டியில் பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். ஆணையை எழுதியது கிளமாஞ்ச்தான் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் மறுத்தார், ஆனால் ஊரை விட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று.

பீசாவில் மூன்றாவது போப் எப்படி முளைத்தார்?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இரு பக்கத்துக் கர்தினால்களும் சேர்ந்து 1409இல் பீசாவில் சங்கம் கூட்டினார்கள், ஜூன் 5ஆம் தேதி இரண்டு போப்புகளையும் நீக்கினார்கள், பாரிஸில் படித்தவரான ஐந்தாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீக்கப்பட்ட இருவரும் போகவில்லை. அலெக்சாண்டர் மறு வருஷமே இறந்தார், இருபத்து மூன்றாம் ஜான் வந்தார்.

கான்ஸ்டன்ஸில் பேராசிரியர்களின் பங்கு என்ன?

1414 நவம்பரில் தொடங்கிய சங்கம் அது. கூட்டியது ஜெர்மானிய ராஜா சிகிஸ்மண்டின் நெருக்கடியால் இருபத்து மூன்றாம் ஜான். இத்தாலிய பிஷப்புகளைக் கூட்டமாக அழைத்து வந்தால் ஓட்டு தன் பக்கம் என்று ஜான் கணக்குப் போட்டார். அதை முறியடிக்க, தலைக்கு ஓர் ஓட்டு இல்லை, தேசத்துக்கு ஓர் ஓட்டு என்று முடிவாயிற்று. பல்கலைக்கழகத்தில் பழகிய அதே முறை. இறையியல், சட்ட முனைவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வாதாடி வாங்கியவர் டாயி. ஆடு மேய்க்கவும் தெரியாத பிஷப்பை விட, படித்த முனைவரின் ஓட்டுக்கு மதிப்புக் குறைவா என்பது அந்த வாதத்தின் சாரம்.

1415 மார்ச் 20ஆம் தேதி ஜான் மாறுவேடத்தில் ஓடிப்போனார். சங்கம் கலையும் நிலை. மூன்றாம் நாள் ஜெர்சான் எழுந்து, போப் இல்லாவிட்டாலும் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு, போப்பும் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று பிரசங்கம் செய்தார். ஏப்ரல் 6ஆம் தேதி அதையே சங்கம் தீர்மானமாக நிறைவேற்றியது. லாங்கென்ஸ்டைனும் கான்ராடும் எழுதிச் சென்றதற்கு மேலும் ஒரு படி.

மே மாதம் ஜானை நீக்கினார்கள். ஜூலை 4ஆம் தேதி கிரகோரி விலகினார், அதற்கு முன் தானே சங்கத்தைக் கூட்டுவதாகச் சடங்கு ஒன்றைச் செய்துவிட்டு. பெனடிக்டை 1417இல் நீக்கினார்கள். நவம்பர் 11ஆம் தேதி ஐந்தாம் மார்ட்டின் தேர்வானார். அந்த ஒரு முறை கர்தினால்களோடு ஐந்து தேசங்களிலிருந்தும் ஆறாறு பேர் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள்.

இதே சங்கம்தான் 1415 ஜூலை 6ஆம் தேதி, திருச்சபையைக் கண்டித்த செக் பிரசங்கி யான் ஹுஸை உயிரோடு எரித்தது. அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர்களில் டாயி உண்டு, தண்டிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் ஜெர்சான் உண்டு. போப்பைக் கேள்வி கேட்டவர்கள் மற்றவர்கள் கேள்வி கேட்பதை விரும்பவில்லை.

பெனடிக்ட் கடைசியில் விலகினாரா?

இல்லை. சிகிஸ்மண்ட் 1415இல் பெர்ப்பிஞ்ஞான் வரை போய்க் கெஞ்சிப் பார்த்தார். வின்சென்ட் ஃபெரரே கைவிட்டார். ஸ்பெயின் கடற்கரையில் பெனிஸ்கோலா என்ற பாறைக் கோட்டையில் உட்கார்ந்து, தொண்ணூறு வயதைத் தாண்டி, சாகும் வரை தான்தான் போப் என்றார்.

ஜெர்சான் பாரிஸ் திரும்பினாரா?

முடியவில்லை. ஓர்லியான் கொலையை "கொடுங்கோலனைக் கொல்வது தருமம்" என்று ழான் பெத்தி என்ற இன்னொரு பாரிஸ் இறையியலாளர் பர்கண்டி கோமகனுக்காக நியாயப்படுத்தியிருந்தார். ஜெர்சான் அதை விடாமல் எதிர்த்தார். 1418இல் பாரிஸ் பர்கண்டி கைக்குப் போனது. திரும்பினால் தலை இருக்காது. கடைசிக் காலத்தை லியோனில் கழித்து 1429இல் இறந்தார்.

மொத்தத்தில் ராஜா அவர்கள் பேச்சைக் கேட்டாரா?

தனக்கு வசதியான பாதியைக் கேட்டார். பொதுச்சங்கம் என்றபோது ஆளைச் சிறையில் போட்டவர்களுக்கு, அவிஞ்ஞோனுக்குப் பணம் போகாமல் நிறுத்தலாம் என்றபோது காது நன்றாகக் கேட்டது. அப்படி எடுத்துக்கொண்ட பாதி தங்கியும் விட்டது. பிரெஞ்சுத் திருச்சபையின் பதவிகள் மேல் போப்பின் பிடியைத் தளர்த்திய 1438 பூர்ஜ் ஆணைக்கு வேர் 1398இலும் 1407இலும் வந்த அரசாணைகளில் இருக்கிறது. பேராசிரியர்களோ நாற்பது வருஷத்தில் ஒரே ஒருமுறைதான், கான்ஸ்டன்ஸில், யோசனை சொல்பவர்களாக இல்லாமல் ஓட்டுப் போடுபவர்களாக உட்கார்ந்தார்கள். பிளவு தீர்ந்தது அப்போதுதான்.

இவர்களில் யார் அதிகாரபூர்வமான போப்?

ரோம் வரிசைதான் கணக்கு. கிரகோரியின் 1415 விலகலுக்குப் பிறகு அடுத்து பதவி விலகிய போப் 2013இல் பதினாறாம் பெனடிக்ட். அவிஞ்ஞோன், பீசா வரிசைகள் கணக்கில் இல்லாததால் அவர்களுடைய எண்கள் திரும்பப் பயன்பட்டன: 1523இல் இன்னொரு ஏழாம் கிளெமென்ட், 1724இல் இன்னொரு பதின்மூன்றாம் பெனடிக்ட், 1958இல் இன்னொரு இருபத்து மூன்றாம் ஜான். அலெக்சாண்டர் விஷயத்தில் மட்டும் கணக்குத் தவறிவிட்டது. 1492இல் வந்த போர்ஜியா போப் தன்னை ஆறாம் அலெக்சாண்டர் என்று அழைத்துக்கொண்டார், அதனால் போப் பட்டியலில் ஐந்தாம் அலெக்சாண்டரின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.